மழை நாளில் விருந்தினரோடு நேரோபோட் பயணம்: முதன்முறை அழைத்துப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகில் போக விருந்தினருக்கு நாள் குறித்துவிட்டால், அன்று மழை பெய்யும் என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். பெய்யாவிட்டால் நல்லது, பெய்தாலும் நாள் கெடாது. மழைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கால்வாய் பிழைத்திருப்பதே மழையால்தான். மேட்டைத் தாண்டிச் செல்லும் கால்வாயில் படகுகள் ஏறி இறங்கும்போதெல்லாம் மேட்டுப் பகுதியின் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். படகை ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டிக்கு லாக் என்று பெயர்; அகலமான லாக் ஒன்றை ஒருமுறை நிரப்ப இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தேவை. அந்த இழப்பை நீர்த்தேக்கங்கள் ஈடுகட்டுகின்றன. நீர்த்தேக்கங்களை மழை நிரப்புகிறது. 2025 கோடையில் மழை பொய்த்தபோது பல கால்வாய்களில் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவைத்தார்கள்.

நேரோபோட் என்பது ஏறக்குறைய 2.08 மீட்டர் அகலமும், சிலவற்றில் 21 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள தட்டை அடிப்பாக இரும்புப் படகு. பின்முனையில் ஒருவர் நின்று சுக்கான் பிடிப்பார். மற்றவர்கள் உள்ளே கணப்பருகில் உட்காரலாம். ஆக, மழையில் கட்டாயம் நனைய வேண்டியவர் ஒருவர்தான். விருந்தினர் சோர்ந்துபோவது பெரும்பாலும் நனைவதால் நேர்வதில்லை. ஈரத்தோடு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதால் நேர்கிறது. குறுகிய வழி, முன்கூட்டியே மூட்டிய கணப்பு, ஆளுக்கு ஒரு வேலை ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டால் மழை நாள் தானாக நன்றாக அமையும்.

கிளம்பலாமா என்று முடிவு செய்தல்

வானிலை அறிக்கையில் மழையைவிட முதலில் காற்றைப் பாருங்கள். நேரோபோட்டின் அடிப்பகுதி தண்ணீருக்குள் அதிக ஆழம் போவதில்லை. மேலே உள்ள நீண்ட பக்கச்சுவரோ பாய்மரம் போலக் காற்றை வாங்கும். மெதுவாகப் போகும்போது பக்கக்காற்று படகை அப்படியே கரைக்குத் தள்ளிவிடும். மணிக்கு 25 மைல் வேகத்தைத் தொடும் காற்று என்றால், பழக்கமில்லாதவர்கள் விருந்தினரை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. இடி மின்னல் இருந்தால் கட்டிய இடத்திலேயே இருங்கள். காற்றில்லாமல் நாள் முழுக்கப் பெய்யும் தூறல் என்றால் தயங்காமல் போகலாம்.

ஆற்றுப் பகுதிக்கு மட்டும் மழையில் போகாதீர்கள். கால்வாயின் நீர்மட்டம் கட்டுக்குள் இருக்கும். மிகுந்த நீர் வழிந்தோட வழிகள் உண்டு. ஆறு அப்படியல்ல. மேலே எங்கோ பெய்த மழை மறுநாள்கூட வேகமான ஓட்டமாக வந்து சேரும். தேம்ஸ் போன்ற ஆறுகளில் வெள்ளக் காலத்தில் லாக்குகளில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். சிவப்புப் பலகை இருந்தால் படகைக் கட்டிப்போட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் இணையதளத்தில் உங்கள் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மரம் விழுந்தாலும் லாக் கதவு பழுதானாலும் அங்கே அறிவிப்பு வரும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

நேரத்தைக் கணக்கிடப் படகோட்டிகள் ஓர் எளிய முறை வைத்திருக்கிறார்கள். போகும் மைல்களையும் வழியில் உள்ள லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரியும். ஆறு மைலும் ஆறு லாக்கும் என்றால் நான்கு மணி நேரம். கால்வாய்களில் பொதுவான உச்ச வேகம் மணிக்கு 4 மைல்; நடைமுறையில் மூன்றுதான். மழை நாளில் மொத்தப் பயணத்தையும் நான்கு மணி நேரத்துக்குள் அடக்குங்கள்.

லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவுள்ள தொட்டி. வெயில் நாளில் விருந்தினருக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. மழையிலோ வழுக்கும் கற்களும் மரக்கதவுகளும்தான் அங்கே இருக்கும். எனவே மழை நாளுக்கு லாக் இல்லாத, ஆனால் பார்ப்பதற்குப் பெரிய காரியம் ஒன்றாவது உள்ள வழியாகத் தேடுங்கள்.

நான் முதலில் சொல்வது நார்தாம்ப்டன்ஷயரில் கிராண்ட் யூனியன் கால்வாயின் மேல் உள்ள ஸ்டோக் புரூயெர்ன் கிராமத்தை. அங்குள்ள ஏழு லாக்குகளின் உச்சியில் படகேறி வடக்கே போனால், பிளிஸ்வொர்த் சுரங்கத்தைக் கடந்து கேய்டன் சந்திப்பு வரை ஒரு லாக்கும் கிடையாது. போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், வரவும் அவ்வளவே. புறப்படும் இடத்தில் பழைய தானிய ஆலைக் கட்டடத்தில் 1963 முதல் கால்வாய் அருங்காட்சியகம் நடக்கிறது. தண்ணீரோரமாகவே சாப்பாட்டு விடுதியும் உண்டு. மழை மிகவும் வலுத்தால் ஒதுங்க இடம் இருக்கிறது என்பது விருந்தினர் உள்ள நாளில் பெரிய நிம்மதி.

சொந்தப் படகு இல்லாதவர்கள் நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. வாடகைக்குத் தருபவர்கள் கிளம்பும் முன் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் பாடத்தை அவசரப்படுத்தாமல் கேளுங்கள். கணப்பும் முன்தளக் கூரையும் உள்ள படகா என்று முன்பதிவின்போதே விசாரித்துவிடுங்கள். நாள் வாடகைப் படகுகள் சிலவற்றில் இரண்டும் இருக்காது. சொந்தப் படகில் விருந்தினரிடம் பணம் வாங்கினால் அது வணிகப் பயணமாகிவிடும், அதற்கு உரிமமும் காப்பீடும் வேறு. எத்தனை பேர் ஏறலாம் என்று அனுமதி எப்படியிருந்தாலும், மழை நாளில் நான்கு விருந்தினருக்கு மேல் வேண்டாம். ஈரச் சட்டைகளைத் தொங்கவிடவும் இடம் வேண்டுமல்லவா.

விருந்தினர் வருவதற்கு முன்

அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே கணப்பை மூட்டிவிடுங்கள். இரும்புப் படகு குளிர்ந்து கிடந்தால் சூடேற நேரம் பிடிக்கும். குளிர்ந்த படகுக்குள் ஈரத்தோடு நுழைகிறவரின் உற்சாகத்தை அப்புறம் எதனாலும் மீட்க முடியாது. குளிருக்காகவோ சாரலுக்காகவோ காற்றுத் துவாரங்களை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தங்கும் அறையுள்ள படகுகளில் அதைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். பொத்தானை அழுத்தி அது ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து எஞ்சின் பகுதி. படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்ப் வேலை செய்கிறதா என்று மழை நாளில் கட்டாயம் பார்க்க வேண்டும்; திறந்த பின்தளம் உள்ள படகில் மழைநீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். புரொப்பெல்லரில் சிக்கிய குப்பையை எடுப்பதற்கு அதன் மேலே ஒரு மூடி இருக்கும். அது இறுக மூடியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். சரியாக மூடாமல் எஞ்சினை இயக்கினால் புரொப்பெல்லர் தண்ணீரை உள்ளே இறைத்துப் படகையே மூழ்கடித்துவிடும்.

சாப்பாட்டைக் கணப்பின் மேல்தட்டிலேயே முடித்துக்கொள்வது வசதி. கெட்டியான காய்கறி சூப் ஒரு பானை, ரொட்டி, சுக்குக் காப்பி அல்லது மிளகு ரசம் ஒரு ஃபிளாஸ்க். சுக்கான் பிடிப்பவருக்குச் சூடாக ஏதாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். துண்டுகளையும் மாற்றுக் காலுறைகளையும் தாராளமாக எடுத்துவையுங்கள்.

விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டியது உடை பற்றி. குடை வேண்டாம்: பின்தளத்தில் குடை விரித்தால் காற்று பிடுங்கும், சுக்கான் பிடிப்பவருக்கு வழி மறையும். மழைக்கோட்டும் மழைக்காற்சட்டையும், அடிப்பாகம் வழுக்காத காலணியும் போதும். சேலை முந்தானை, துப்பட்டா, நீண்ட கழுத்துத்துணி ஆகியவை லாக்கின் பற்சக்கரத்திலும் கயிற்றிலும் சிக்கக்கூடியவை. விருப்பப்பட்டுச் சேலையில் வருகிறவர்கள் உள்ளே வசதியாக இருக்கலாம், லாக் வேலைக்கும் பின்தளத்துக்கும் வர வேண்டாம். சுக்கான் பிடிப்பவருக்கு ஒரு குறிப்பு: மழைக்கோட்டின் தலைமூடி பக்கப் பார்வையை மறைக்கும். உள்ளே முன்நீட்டம் உள்ள தொப்பியை அணிந்து அதன்மேல் மூடியைப் போட்டால் தலையோடு சேர்ந்து திரும்பும், மூக்குக்கண்ணாடியிலும் நீர் விழாது.

கட்டவிழ்க்கும் முன் பேச வேண்டியவை

ஐந்து நிமிடம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். சிரித்த முகத்தோடு, ஆனால் அழுத்தமாக. படகின் எடை 15 முதல் 20 டன் வரை இருக்கும். கரையிலோ பாலத்திலோ மோதப் போகிறது என்றால் மோதட்டும். கையையோ காலையோ கொடுத்துத் தடுக்கக் கூடாது. தடுத்தால் எலும்பு நொறுங்கும். படகுக்கு வெளியே தலை, கை, கால் எதுவும் நீளக் கூடாது. ஓடும்போது பக்க விளிம்பில் நடப்பதும் கூரை மேல் ஏறுவதும் மழையில் அறவே கூடாது. கரைக்குத் தாவாமல், படகு நெருங்கியபின் அடி எடுத்து வைத்து இறங்க வேண்டும். சுக்கான் கைப்பிடி வீசும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. பின்னோக்கிச் செலுத்தும்போது அது சட்டென்று சுழன்று ஆளையே தண்ணீரில் தள்ளிவிடும்.

குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் மிதவைச் சட்டை. யாராவது விழுந்தால் முதல் வேலை கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து எஞ்சினை நிறுத்துவது. பதறிப்போய்ப் பின்னோக்கிச் செலுத்தினால் விழுந்தவரைப் புரொப்பெல்லர் பக்கம் இழுத்துவிடுவோம். கால்வாய் பல இடங்களில் இடுப்பு அல்லது மார்பளவுதான். எழுந்து நிற்கச் சொல்லிக் கத்துங்கள், கயிறு வீசுங்கள். உதவிக்கு அழைக்க நேர்ந்தால் 999. இருக்கும் இடத்தைச் சொல்லக் கடைசியாகக் கடந்த பாலத்தின் எண் போதும். கால்வாய்ப் பாலங்களில் எண் பலகை இருக்கும்.

இதிலிருந்தே விருந்தினருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. முன்தளத்தில் தார்ப்பாய்க் கூரை இருந்தால், படகில் நனையாமல் வெளியே பார்க்க ஏற்ற இடம் அதுதான். அங்கே ஒருவரை வரைபடத்தோடு உட்காரவைத்துப் பால எண்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். குழந்தைகள் இதை மிகுந்த பொறுப்போடு செய்வார்கள். இன்னொருவர் கணப்புக்கும் தேநீருக்கும். இன்னொருவர் பின்தளத்தில் சுக்கான் பழக. கழிவறையை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்; தயக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓட்டுதல்

கட்டவிழ்த்த கயிறுகளைச் சுருட்டித் தளத்தின் மேல் வையுங்கள், தண்ணீரில் தொங்கினால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். முன்முனையை முதலில் கரையிலிருந்து தள்ளிவிட்டு, மெதுவாக நடுக்கால்வாய்க்கு வாருங்கள். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சின் வேகத்தை மிகக் குறைத்துவிடுங்கள். நம் அலையில் அவர்களின் கயிறு அறுந்துபோகலாம், அடுப்பில் இருப்பது கொட்டிவிடலாம். படகைக் கட்ட, மழையில் நனைந்த மண்ணில் அடித்த முளைகள் இளகியிருக்கும் என்பதால் அன்று இந்த மரியாதை இரட்டிப்பாகத் தேவை. பின்னால் எழும் அலை கரையில் மோதி உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

சுக்கான் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். விருந்தினருக்கு இதைச் சொல்லிவிட்டு, கட்டிய படகுகள் இல்லாத நேரான பகுதியில் கொடுத்துப் பாருங்கள். புதியவர்கள் படகு உடனே திரும்பவில்லை என்று இன்னும் தள்ளுவார்கள். அப்புறம் அது அளவுக்கு மீறித் திரும்பும். சிறிது தள்ளிவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். படகு நடுப்பகுதியை அச்சாக வைத்துச் சுழல்வதால், முன்முனை இடம் போகும்போது பின்முனை வலம் வீசும். மழையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். விரல்கள் விறைத்த பிறகு கியர் பிடி சரியாக வசப்படாது.

சுரங்கத்துக்குள்

பிளிஸ்வொர்த் சுரங்கம் 2,813 மீட்டர் நீளம். பிரிட்டனில் இன்றும் படகு செல்லும் கால்வாய்ச் சுரங்கங்களில் இது மூன்றாவது நீளமானது. நுழைந்தால் வெளியே வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விருந்தினர் இந்த நாளில் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கப் போவது இதைத்தான். ஆகவே அவசரமில்லாமல் தயாராகுங்கள்.

முன்விளக்கைப் போடுங்கள், அது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமல் சற்று மேலும் வலப்பக்கமும் பார்த்தபடி இருக்கட்டும். உள்ளே எல்லா விளக்குகளையும் போட்டுத் திரைகளை விலக்கிவிட்டால், சன்னல் வெளிச்சம் சுவரில் விழுந்து சுக்கான் பிடிப்பவருக்கு வழி காட்டும். எரிவாயு அடுப்பை அணைத்துவிடுங்கள், புகைபிடிக்க வேண்டாம். மழை நின்றிருந்தாலும் பின்தளத்தில் நிற்பவர்கள் மழைக்கோட்டைக் கழற்ற வேண்டாம். மலையின் உச்சியிலிருந்து காற்றுக்காகத் தோண்டிய செங்குத்துக் குழாய்களின் அடியில் தண்ணீர் தாரையாகக் கொட்டும், அது மழையைவிடக் குளிர்ச்சி. நுழையும் முன் ஒலிப்பானை நீளமாக ஒருமுறை அடியுங்கள்.

இரண்டு நேரோபோட்டுகள் ஒன்றையொன்று கடக்கும் அகலம் உள்ளே இருக்கிறது. எதிரே ஒளிப்புள்ளி தெரிந்தால் அது மிக அருகில் இருப்பதாகத் தோன்றும், வந்து சேரப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அந்த ஒளியை உற்றுப் பார்த்தால் கண் கூசி, படகும் அதை நோக்கியே போகும். வலப்பக்கச் சுவரைப் பார்த்து ஓட்டுங்கள். நெருங்கியதும் வேகத்தைக் குறையுங்கள். லேசாக உரசினாலும் ஒன்றும் ஆகிவிடாது. சிலருக்கு இருட்டும் மூடிய இடமும் மூச்சை அடைக்கும். அப்படிப்பட்டவர் இருக்கிறாரா என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். மலைக்கு மேலாகப் பழைய குதிரைப்பாதை இன்றும் உண்டு. ஒரு துணையோடு அவர் அதில் நடந்து வந்து மறுமுனையில் ஏறிக்கொள்ளலாம்.

அந்தப் பாதையின் வரலாறு விருந்தினருக்குச் சொல்ல ஏற்றது. சுரங்கத்துக்குள் கரையோரப் பாதை கிடையாது; படகை இழுத்துவந்த குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்திக் கூட்டிப் போவார்கள். உள்ளே, படகின் முன்புறம் பலகைகளில் படுத்துக்கொண்டு, இருபுறச் சுவர்களையும் கால்களால் உதைத்து உதைத்தே ஆட்கள் படகை நகர்த்தினார்கள். முதலில் தோண்டிய சுரங்கம் தண்ணீர் புகுந்து 1796இல் கைவிடப்பட்டது. சில ஆண்டுகள் சரக்குகளைக் குதிரை இழுக்கும் தண்டவாள வண்டியில் மலையைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். இப்போதைய சுரங்கம் 1805இல் திறந்தது. 1861இல் நீராவிப் படகு ஒன்றின் புகையில் மூச்சுமுட்டி உள்ளே இரண்டு பேர் இறந்தார்கள். 1980களில் சுரங்கத்தின் நடுப்பகுதியைக் கான்கிரீட் வளையங்களால் புதுப்பித்தபோது மிஞ்சிய வளையம் ஒன்றைத் தென்வாயில் அருகே வைத்திருக்கிறார்கள். அதன் நடுவே நின்றால் சுரங்கத்தின் அளவு புரியும்.

திரும்புதலும் கட்டுதலும்

கேய்டன் சந்திப்பில் நார்தாம்ப்டன் கிளைக் கால்வாய் பிரிவதால் நீர்ப்பரப்பு அகலம். அங்கே படகைத் திருப்புங்கள். கிளைக்குள் கீழே இறங்கிப் போக வேண்டாம். வரிசையாகப் பதினேழு லாக்குகள், முடிவில் நீன் ஆறு. திருப்பும்போது காற்று எங்கிருந்து வருகிறது என்று கவனித்து, முடிந்தவரை அது உங்களுக்குத் துணையாகத் தள்ளும் பக்கமாகத் திரும்புங்கள். காற்றை எதிர்த்து எஞ்சினை உறுமவிட்டுப் பயனில்லை.

சாப்பாட்டுக்கு பிளிஸ்வொர்த் கிராமத்தருகே கட்டலாம். கரையில் இரும்புத் தகடு பதித்திருந்தால் அதில் மாட்டும் கொக்கிகளையே பயன்படுத்துங்கள். வெறும் மண் என்றால் முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து ஆழமாக அடித்து, யாரும் தடுக்கி விழாதபடி தலையில் வெள்ளைத் துணியோ பழைய பந்தோ மாட்டுங்கள். ஈரக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சாப்பிடும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி கால்வாய் நீரில் இருக்கக்கூடும். கயிறு தொட்ட கையெல்லாம் கால்வாய் நீர் தொட்ட கைதான். கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டோக் புரூயெர்ன் திரும்பியதும், லாக் பார்க்கவில்லையே என்று ஏங்குகிறவர்களைக் கரையில் அழைத்துப் போங்கள். வேறு படகு இறங்குவதைப் பார்ப்பது நாமே இறக்குவதைவிட நன்றாக விளங்கும். தொட்டிக்குள் மேல்கதவின் அடியில் நீட்டியிருக்கும் கல்மேடையைக் காட்டுங்கள்; இறங்கும் படகின் பின்முனை அதில் மாட்டினால் படகு தலைகுப்புறக் கவிழும். அதனால்தான் சுவரில் வெள்ளைக் கோடு போட்டு, அதற்கு முன்னால் படகு நிற்க வேண்டும் என்கிறார்கள்.

விருந்தினரை அனுப்பிய பிறகு கொஞ்சம் வேலை மிச்சமிருக்கிறது. கணப்பு அணைவதற்குள் ஈரத்துணிகளை அதிலிருந்து இரண்டடியாவது தள்ளிக் காயப்போட்டுச் சன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் இரவெல்லாம் இரும்புக் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். அடிநீர்ப் பம்பை இன்னொருமுறை ஓட்டுங்கள். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுப் படகுக்கு வெளியே வையுங்கள். ஆறியதுபோல் தோன்றும் சாம்பலும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். முன்தளத் தார்ப்பாயின் அடியில்கூட அதை வைக்கக் கூடாது.